சொம்பு பட்ட இடம்

07.01.2025, செவ்வாய்

முழங்காலிலும் இடுப்பிலும் வலி, நேற்றைவிடச் சற்று அதிகம். எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. கால்சியம் மாத்திரை காலை ஒன்று, மாலை ஒன்று. இது மூன்றாவது மாதம்.

தீவன ஆலைக்கு இன்று ஏழு லாரி மக்காச்சோளம் வந்தது. ஐந்தை ஏற்றேன், இரண்டைத் திருப்பி அனுப்பினேன். ஈரப்பதம் நூற்றுக்குப் பதினான்கைத் தாண்டினால் சோளத்தில் பூஞ்சை பிடிக்கும். அதைத் தின்ற கோழி ஈரல் வீங்கிச் சாகும். தரக்கட்டுப்பாட்டு அலுவலராக இதை இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு லாரிக்காரரிடமும் சொல்லிவருகிறேன். ஒவ்வொருவரும் முதன்முறை கேட்பவர்போல் முகத்தை வைத்துக்கொள்கிறார்கள்.

ஆய்வகத்தில் உதவியாளர் வெண்ணிலா பதிவேட்டின் ஓர் எண்ணை வெள்ளை மை பூசி மறைத்திருந்தாள். பக்கத்தைக் கிழித்து அவள் முகத்தின் மேல் எறிந்தேன். அழுதாள். விதி மிக எளிது: பதிவில் பிழை நேர்ந்தால் அழிக்கக் கூடாது, மை பூசக் கூடாது. தவற்றை ஒரே கோட்டால் அடித்து, மேலே சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். அடிபட்ட எண்ணும் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பேனாவால் மட்டுமே எழுத வேண்டும். ஐந்து வயதுக் குழந்தைக்கும் புரியும்.

மாலை வீட்டில் ஒரு சச்சரவு. எரிவாயு உருளைக்குப் பதிந்த தேதியை நாட்காட்டியில் குறிக்கும்படி மனைவி மதுமதியிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். குறிக்கவில்லை. பித்தளைச் சொம்பு சுவரில் பட்டது. விளிம்பு நெளிந்துவிட்டது. சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்திருக்கிறது. ஞாயிறன்று பூச வேண்டும்.

19.01.2025, ஞாயிறு

சுவரைப் பூசினேன். மதுமதி இன்னும் இடது கையாலேயே குழம்பு ஊற்றுகிறாள்.

13.02.2025, வியாழன்

ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணைக்கு அழைத்திருந்தார்கள். எங்கள் தீவனம் போகும் பண்ணை. கூண்டுகளில் நாற்பதுக்கு மேற்பட்ட கோழிகள் கால் மடங்கிக் கிடந்தன. விழுந்த கோழியை மற்றவை சும்மா விடுவதில்லை. ஒரு துளி ரத்தம் தெரிந்தால் போதும். வால்புறம் தொடங்கிக் கொத்திக் குடலை உருவிவிடும். நான் போன நேரத்தில் ஒரு கூண்டில் அது நடந்துகொண்டிருந்தது. கொத்தப்பட்ட கோழி சத்தம் போடவில்லை. கண்ணை மூடி மூடித் திறந்தது.

மூன்றைக் கழுத்துத் திருகி அறுத்துப் பார்த்தேன். தொடை எலும்பை இரண்டு விரலால் அழுத்தினேன். ஈர்க்குச்சிபோல் முறிந்தது.

"ஏனுங் சார், சீக்குங்களா?" என்றார் பண்ணைக்காரர் மாதேஷ்.

"சீக்கு இல்லை. சுண்ணாம்புச் சத்துப் பற்றாக்குறை. முட்டை ஓடு செய்யத் தீவனத்தில் கால்சியம் போதவில்லை என்றால், கோழி தன் எலும்பைக் கரைத்து ஓடு செய்யும்."

"அட! தன்ற எலும்பையேங்களா?"

கிளிஞ்சல் தூளைக் கூட்டும்படி எழுதிக் கொடுத்தேன். திரும்பும் வழியில் பேருந்துப் படியில் கால் வைத்தபோது என் இடுப்பு எலும்பே பிளந்ததுபோல் வலித்தது. காரணம் வேறென்ன? இன்று முதல் நான்கு மாத்திரை. கோழிக்கு எழுதும் சீட்டை எனக்கு நானே எழுதிக்கொள்வதில் தவறில்லை.

26.02.2025, புதன்

தூக்கமில்லை. காலையில் ஷேவிங் கண்ணாடி உடைந்தது. கோவையில் படிக்கும் மகள் தனப்பிரியா தொலைபேசியில் அழைத்தாள். அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிட்டாள்.

06.03.2025, வியாழன்

ஆலையில் ஒரு விபத்து.

விதி: லாரியிலிருந்து ஒரு மூட்டையும் இறங்கும் முன், பத்துக்கு ஒரு மூட்டையில் குத்தூசியைச் செருகி, அதன் குழாய்வழி வரும் சோளத்தின் ஈரத்தை அளக்க வேண்டும். பதினொரு மணிக்கு நான் போனபோது நாற்பது மூட்டை ஏற்கெனவே இறங்கிவிட்டது. இறக்கியவன் சடையன், எட்டு ஆண்டுகளாக எங்களிடம் மூட்டை தூக்குபவன்.

"யார் இறக்கச் சொன்னது?"

"ஓனரு சொன்னாருங் சார். லாரிக்காரன் வெரசலாக் கெளம்போணும்னான்."

ஓனர் என்பது வேலுமணி, மதுமதியின் அண்ணன். விதி அவருக்கும் உண்டு என்று சொன்னேன். நாற்பதையும் மறுபடி லாரியில் ஏற்றச் சொன்னேன். சடையன் தோளில் கிடந்த துண்டை உதறினான்.

"சோளந்தானுங்களே சார். தங்கத்தையா உரசிப் பாக்கறீங்க?"

மற்றவர்கள் சிரித்தார்கள்.

கையிலிருந்த குத்தூசி நழுவி அவன் வலது தொடையில் இறங்கிவிட்டது. அந்தத் தடுமாற்றத்தில் என் கை லாரியின் பக்கப்பலகையில் மோதியது. ரத்தம் சோளத்தில் கலந்துவிட்டதால் அந்த மூட்டையைத் தனியே எடுத்துவைக்கச் சொன்னேன்.

07.03.2025, வெள்ளி

இடது கையால் எழுதுகிறேன். வலது கையில், சுண்டுவிரலுக்கு நேர் கீழே உள்ளங்கை எலும்பு முறிந்திருக்கிறது. எலும்பு மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என் வயதை இரண்டு முறை கேட்டார். "எழுவது வயசு ஆத்தா எலும்பாட்டம் இருக்குதுங்களே!" ரத்தம் எடுத்தார்.

சடையனுக்கு ஒன்பது தையல். காவல் நிலையத்தில் மனு கொடுத்திருக்கிறான்.

10.03.2025, திங்கள்

ரத்தத்தில் கால்சியம் 12.6. இருக்க வேண்டியது அதிகபட்சம் 10.5. கருவி பிழையாக இருக்கும் என்றேன். மறுபடி எடுத்தார்கள். 12.7.

பற்றாக்குறை என்றல்லவா நினைத்தேன்?

14.03.2025, வெள்ளி

கட்டுக்கு வெளியே நீண்டிருக்கும் மூன்று விரல்களால் பேனாவைப் பிடிக்க முடிகிறது. எழுத்து கோணுகிறது.

சேலத்தில் டாக்டர் வித்யாவைப் பார்த்தேன். சுரப்பிகளுக்கான அறுவை மருத்துவர். நாற்பது வயது இருக்கும். என் மாத்திரை அட்டையைக் கையில் வாங்கித் திருப்பினார்.

"இதை யாருங்க எழுதிக் குடுத்தது?"

"நானேதான்."

"நீங்க என்ன வேலையில இருக்கறீங்க?"

"கோழித் தீவனம். சத்து விகிதம் கணக்கிடுவது."

சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு ஒரு தாளில் கழுத்தை வரைந்தார். தைராய்டின் பின்னால் நான்கு பாராதைராய்டுச் சுரப்பிகள், ஒவ்வொன்றும் அரிசி அளவு. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துவிடும்படி ஆணையிடுவது இவற்றின் வேலை. எனக்கு இவற்றில் ஒன்று கட்டுமீறி வளர்ந்திருக்கிறது. குறைந்தாலும் குறையாவிட்டாலும் ஆணையிட்டுக்கொண்டே இருக்கிறது. ஹார்மோன் அளவு 286. இருக்க வேண்டியது 65க்குள். எலும்பு கரைந்து ரத்தத்தில் கொட்டுகிறது. அதன் மேல் நான் தினமும் நான்கு மாத்திரையைக் கொட்டியிருக்கிறேன்.

"மருந்தில் சரியாகுமா?"

"அந்த ஒண்ணை எடுத்துடணும். பழைய காலம் மாதிரி கழுத்து முழுக்கத் திறக்க வேண்டாங்க. எதுன்னு ஸ்கேன்ல தெரிஞ்சுட்டா, ரெண்டரை சென்டிமீட்டர் கீறல் போதும்."

பிறகு வழக்கமான கேள்விகள். மலச்சிக்கல்? ஆம். சிறுநீரில் கல்? ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை. அப்போதே ஆரம்பித்திருக்கலாம் என்றார். மறதி? இல்லை. எரிச்சல், கோபம்?

நான் பதில் சொல்லும் முன், உடன் வந்திருந்த மதுமதி சொன்னாள்: "இருக்குதுங்க."

"இந்த நோயில அதுவும் வருங்க," என்றார் டாக்டர்.

என் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அப்படியானால் அது நானில்லை.

15.03.2025, சனி

வேலுமணி மச்சான் வீட்டுக்கு வந்தார். செய்தி கேட்டதும் தொடையில் தட்டிக்கொண்டார்.

"அப்புறமென்ன மாப்ள! நோயி பண்ணுன வேலைன்னு டாக்டரம்மாகிட்ட ஒரு காயிதம் வாங்கிப்போடுவோம். சடையன்கிட்ட நான் பேசிக்கறேன். இன்ஸ்பெக்டரு மனுவா வெச்சிருக்கறாரு, கேஸாப் பதியல. ரெண்டு பேரும் எழுதிக் குடுத்தா முடிஞ்சுது."

அவர் போனதும் மதுமதி பெட்டியில் துணி அடுக்கினாள். நான் கேட்கக் கேட்க அடுக்கினாள். திருச்செங்கோட்டில் அண்ணன் வீட்டில் இருக்கப்போகிறாளாம்.

"டாக்டர் சொன்னதை நீயும்தானே கேட்டாய்? இது நோய்."

"கேட்டனுங்க. அதை அறுத்துப் போட்டுட்டு வாங்க. மிச்சம் யாரு இருக்காங்கன்னு பாத்துட்டு நான் வாரேன்."

கதவைச் சாத்தாமல் போனாள். சாத்தும் சத்தம் எனக்குப் பிடிக்காது என்பதால் இருபத்து நான்கு ஆண்டுகளாக அவள் எந்தக் கதவையும் ஓசையுடன் சாத்தியதில்லை. போகும்போதுகூட... என்ன பெண் இவள்? இப்போதாவது சாத்திவிட்டுப் போயிருக்கலாமே.

24.03.2025, திங்கள்

ஸ்கேன். கையில் ஊசி ஏற்றிவிட்டு, கழுத்தைப் படம்பிடித்தார்கள். சாம்பல் நிறக் கழுத்தில் இடதுபக்கம் கீழே ஒரே ஒரு புள்ளி எரிந்துகொண்டிருந்தது. மற்ற மூன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை.

படத்தைக் கைப்பேசியில் எடுத்து மதுமதிக்கு அனுப்பினேன். கீழே எழுதினேன்: "குற்றவாளி." பார்த்துவிட்டாள் என்று கைப்பேசி காட்டுகிறது.

02.04.2025, புதன்

நாளை அறுவை. இடர்களைப் படித்துக் கையொப்பமிட்டேன். குரல்வளை நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது. அது காயப்பட்டால் குரல் போகலாம். ரத்தம் கட்டினால் மூச்சு அடைக்கலாம்.

ஆனால் ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சுரப்பியை எடுக்கும் முன் ரத்தத்தில் ஹார்மோனை அளப்பார்கள். எடுத்துப் பத்து நிமிடம் கழித்து மறுபடி அளப்பார்கள். பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால், சரியான சுரப்பியைத்தான் எடுத்திருக்கிறார்கள், தைத்துவிடலாம். இறங்காவிட்டால் வேறொன்றும் கெட்டிருக்கிறது, தேட வேண்டும். கருத்துக்கு இடமில்லை. எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு பத்து நிமிடச் சோதனை இருந்தால் உலகம் ஒழுங்காக நடக்கும்.

04.04.2025, வெள்ளி

முடிந்தது. முன்: 286. பத்து நிமிடத்துக்குப் பின்: 48.

நேற்று மேசையில் படுக்கவைத்து, தோளுக்கடியில் ஒரு திண்டை வைத்து, தலையைப் பின்னால் சாய்த்தார்கள். தொண்டை மேலே துருத்தி நின்றது. நான் எத்தனை கோழிகளை இந்தக் கோணத்தில் பிடித்திருக்கிறேன்! கட்டைவிரலால் அலகை மேலே தள்ளி, மற்ற கையால்... இறகுக்கடியில் அதன் இதயம் என் உள்ளங்கையில் அடிக்கும். எழுந்து ஓடிவிடலாம் என்று தோன்றியது. மயக்கமருந்து கொடுப்பவரின் கையைத் தட்டிவிட்டேனாம். எனக்கு நினைவில்லை, செவிலியர் சொன்னார்.

எடுத்ததை ஒரு சிறு புட்டியில் காட்டினார்கள். புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரிது, பழுப்பு நிறம். இதுவா ஒருவனைத் தொடையில் குத்தியது?

உதடும் விரல்நுனியும் மரத்துப்போகின்றன. இத்தனை நாள் கொள்ளைபோன எலும்பு இப்போது ரத்தத்திலிருந்து கால்சியத்தைத் திருப்பி இழுக்கிறதாம். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதே மாத்திரை, அதே நிறுவனம். இந்த முறை டாக்டர் கையெழுத்துடன்.

20.04.2025, ஞாயிறு

பதினாறு நாட்களாக ஒரு பொருளும் உடையவில்லை. ஆறு மணி நேரம் தூங்குகிறேன். தாகம் இல்லை. மாவுக்கட்டைப் பிரித்தாகிவிட்டது.

மதுமதி வந்திருந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து கழுத்துத் தழும்பைப் பார்த்தாள். அவள் போட்டுத் தந்த காப்பியில் சர்க்கரை இல்லை என்று குடித்த பிறகுதான் சொன்னாள். வேண்டுமென்றே போடாமல் விட்டிருக்கிறாள். நான் ஒன்றும் சொல்லாமல் குடித்திருந்தேன்.

முதன்முறையாகச் சிரித்தாள். "வைகாசி பொறந்ததும் வாரேனுங்க."

வைகாசி முதல் தேதி, மே 15. நாட்காட்டியில் குறித்துவிட்டேன்.

05.05.2025, திங்கள்

இதை வரிசையாக எழுத வேண்டும்.

மாலை நான்கு மணி. வேலுமணி மச்சான் தன் அறைக்கு அழைத்தார். சடையன் நின்றிருந்தான், வலது காலை ஊன்றாமல், சுவரில் சாய்ந்து. மேசைமேல் டாக்டர் வித்யா கொடுத்த சான்று: இந்நோய் எரிச்சலையும் மனநிலை மாற்றத்தையும் உண்டாக்கக்கூடும். பக்கத்தில் மச்சான் தட்டச்சுச் செய்து வைத்திருந்த சமாதானக் கடிதம்.

"படிச்சுக் காட்டியாச்சு மாப்ள. கையெழுத்துப் போடறதுக்கு ஒத்துக்கிட்டான். இல்லீடா சடையா?"

"போடறனுங்க. எட்டு வருசச் சோறுங்க." சடையன் என்னைப் பார்த்தான். குரலில் கேலி இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "ஒண்ணு மட்டும் கேக்கோணுங் சார். மொதக் குத்து நோயிங்க, செரி. நான் கீழ உழுந்ததுக்கப்புறம் மறுக்காவும் ஓங்குனீங்களே, அது எந்த நோயிங்க?"

என்னுள் அது எழுந்தது. அதேதான். காதுக்குள் இரைச்சல், பல்வரிசையில் ஒரு கூச்சம், கண்ணில் அவன் முகம் மட்டும். என் கண்கள் அறையைத் துழாவின. எதைத் தேடினேன்? குத்தூசியைத் தேடினேன். அது என் அறையில் ஆணியில் தொங்கியதால் கிடைக்கவில்லை. வேறு காரணம் இல்லை.

வெளியே வந்தேன். நேராக ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போய்க் கையை நீட்டினேன்.

06.05.2025, செவ்வாய்

கால்சியம் 9.2. ஹார்மோன் 41.

இரண்டும் அளவுக்குள்.

டாக்டரை அழைத்தேன். முடிவுகளைச் சொன்னதும் மகிழ்ந்தார். நேற்று வந்த கோபத்தைப் பற்றிச் சொன்னேன்.

"அந்த நோய் எரிச்சலைக் கூட்டியிருக்கலாங்க. எவ்வளவு அதோடது, எவ்வளவு உங்களோடதுன்னு பிரிச்சுச் சொல்ல எங்கிட்ட மெஷின் இல்லை."

பத்து நிமிடச் சோதனை இல்லை என்கிறார்.

இருக்கிறது. என்னிடம் இருக்கிறது.

08.05.2025, வியாழன்

விடுப்பு எடுத்துப் பழைய கோப்புகளைப் பார்த்தேன். எந்த ஆவணத்தையும் நான் தூக்கிப்போடுவதில்லை.

18.08.2016 அன்று ஆலையில் நடந்த மருத்துவ முகாம். என் பெயர், இளஞ்செழியன், வயது 41. கால்சியம் 9.4.

அதே ஆண்டின் நாட்குறிப்பை எடுத்தேன். 21.08.2016, ஞாயிறு. என் கையெழுத்து, ஒரே வரி. "மதுமதி குளியலறையில் வழுக்கி விழுந்தாள், நெற்றியில் மூன்று தையல்."

முகாமுக்கு மூன்றாம் நாள்.

அவள் வழுக்கவில்லை. குளியலறைக்குப் போகவே இல்லை. அலமாரி மூலை. அவள் பின்னந்தலை என் கையில் இருந்தது. தனப்பிரியாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது, வாசலில் நின்றிருந்தாள். ஏன்? என்ன காரணம்? காரணத்தை நான் எழுதவில்லை. இப்போது நினைவும் இல்லை. காரணமே நினைவில்லாத ஒன்றுக்கா...

அந்தப் புளியங்கொட்டை அப்போது அரிசியாக இருந்தது.

12.05.2025, திங்கள்

காவல் நிலையம். சடையன், வேலுமணி மச்சான், நான். ஆய்வாளர் சான்றின் நகலைப் படித்துவிட்டு, "சரிங்க, ரெண்டு பேரும் எழுதிக் குடுங்க" என்றார்.

தட்டச்சுச் செய்த கடிதத்தில் நான் கையொப்பமிடவில்லை. வெள்ளைத்தாள் கேட்டேன். குத்தியது நான், முதல்முறை வேண்டுமென்றே, கீழே விழுந்தபின் வயிற்றைக் குறிவைத்து இரண்டாம் முறையும். அவன் புரண்டதால் அது திறந்து கீழே தொங்கிய லாரிப் பலகையில் இறங்கியது. முறிந்த என் கையின் எக்ஸ்ரே அதற்குச் சான்று. நோய் இருந்தது, நோயின் பெயரால் எதையும் குறைத்துக் கேட்கவில்லை. இவ்வளவுதான் எழுதினேன். ஆய்வாளர் இரண்டு முறை படித்தார்.

"படிச்சவரு, யோசிச்சுத்தான் எழுதியிருக்கறீங்களா? இப்ப நான் வழக்குப் பதியோணுங்க."

"பதியுங்கள்."

சடையன் என்னைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "அப்ப நான் சொன்னது பொய்யில்லீங்களே?" என்று ஆய்வாளரிடம் கேட்டான். ஒருமுறைதான் கேட்டான்.

வராந்தாவில் மச்சான் என் கழுத்தைப் பிடித்தார். தழும்பின் மேலேயே கட்டைவிரல்.

"ஒரு காயிதத்துல முடியறதைக் கோர்ட்டுக்கு இழுத்துட்டியேடா! மில்லுப் பேரு நாறுமே! என்ற தங்கச்சி பொழப்பு உனக்கு வெளையாட்டா? வைகாசிக்கு வாரேன்னு துணி மடிச்சு வெச்சுட்டா, தெரியுமா? அவளுக்கு இப்ப என்ன பதில் சொல்லுவே?" அறைந்தார். இடது கன்னத்தில் இரண்டு, வலதில் ஒன்று. உதடு கிழிந்தது.

என் கை எழுந்தது. ஒரு காவலர் பிடித்ததால் நின்றது. நானாக நிறுத்தவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

சொந்தப் பிணையில் விட்டார்கள். வேலை நாளையிலிருந்து இல்லை.

13.05.2025, செவ்வாய்

பதிவேட்டு விதியின்படி என் குறிப்புகளில் பின்வரும் திருத்தங்களைச் செய்திருக்கிறேன். உரிய பக்கங்களில் பழைய வரியை ஒரே கோட்டால் அடித்து, மேலே எழுதி, சுருக்கொப்பம் இட்டாயிற்று. இங்கே தொகுத்தும் வைக்கிறேன்.

21.08.2016: மதுமதி வழுக்கி விழவில்லை. அவள் தலையைப் பிடித்து அலமாரி மூலையில் மோதினேன்.

07.01.2025: சொம்பைச் சுவரை நோக்கி எறியவில்லை. மதுமதியை நோக்கி எறிந்தேன். சுவரில் படும் முன் அது அவள் வலது தோளில் பட்டது.

26.02.2025: கண்ணாடி தானாக உடையவில்லை.

06.03.2025: குத்தூசி நழுவவில்லை.

இன்னும் இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டிலும் தேட வேண்டும். சில இடங்களில் என்ன நடந்தது என்று எனக்கே தெரியாதபடி எழுதிவைத்திருக்கிறேன்.

மதுமதிக்கு இதைக் காட்டினால் அவள் வரமாட்டாள். காட்டாவிட்டால் நாளை மறுநாள் வருவாள்.

15.05.2025, வியாழன். வைகாசி 1

பத்தேகாலுக்கு ஆட்டோ வந்தது. பெட்டியுடன் படியேறினாள். என் உதட்டைப் பார்த்தாள். "அண்ணன் எல்லாம் சொல்லுச்சு," என்றாள்.

"உள்ளே வரும் முன் இதைப் படித்துவிடு," என்று இந்தக் குறிப்பேட்டை, செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். கை நீட்டும்போது அவள் தலை ஒரு விரற்கடை பின்னால் போனது. அவளுக்கே தெரியாமல் போனது. எத்தனை ஆண்டுகளாகப் போகிறதோ, நான் இன்றுதான் பார்த்தேன்.

நின்றபடியே படித்தாள். முகத்தில் மாற்றமில்லை. ஒரு வரியில் விரல் நின்றது. கையை நீட்டினாள்.

"பேனா குடுங்க."

கொடுத்தேன். குறிப்பேட்டைத் தூணில் அணைத்து வைத்து எழுதினாள். வெண்ணிலாவுக்கு இருபது முறை சொல்லியும் வராத விதி அவளுக்கு முழுவதும் தெரிந்திருந்தது. 'வலது தோளில்' என்பதை ஒரே கோட்டால் அடித்திருந்தாள். கீழே இருப்பதை இன்னும் படிக்க முடிகிறது. மேலே அவள் கையெழுத்து:

"வலது கழுத்தெலும்பில். விரிசல். ஈரோட்டுக்குப் போய் எக்ஸ்ரே எடுத்தேன். இவரிடம் சொல்லவில்லை. ம. 15.05.25."

நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் எலும்புக்காக மூன்று ஊர்களில் எத்தனை படம் எடுத்தோம்.

"கலியாணத்துக்கப்புறம் எழுதுனதெல்லாம் எங்க வெச்சிருக்கறீங்க?" என்றாள்.

"பீரோவில். இருபத்து நான்கு."

"எடுத்துக் குடுங்க."

"எதற்கு?"

"நீங்க மட்டும் திருத்துனா எப்புடீங்க? பக்கத்துல நானும்ல இருந்தேன்."

இரண்டு வெற்றுத் தீவனப் பைகளில் ஆண்டு வரிசைப்படி அடுக்கினேன். ஆட்டோவை அவள் அனுப்பிவிடவில்லை என்பது அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோதுதான் தெரிந்தது. பெட்டியையும் அவள் கீழே வைத்திருக்கவில்லை.

"எப்போது பார்த்து முடிப்பாய்?"

"முடிச்சதும் சொல்றனுங்க. நெறைய இருக்குது."

போகும்போது வாசற்கதவை இழுத்துச் சாத்தினாள். நன்றாகவே சத்தம் கேட்டது.

பேனாவைத் திருப்பித் தரவில்லை. வீட்டில் வேறு பேனா இல்லை. இதைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன், விதிப்படி கூடாது.